மகளைப் பெற்ற தந்தைக்கு ஊரார் கூறும் புத்திமதி

(வலிகாமத்துச் சனசமூக நிலையம் ஒன்றில், அண்மையில் தந்தையரான இளைஞர்களுக்கென்று கூட்டப்பெற்ற கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் நிகழ்த்திய உரை)



பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு வைத்தியரையோ ஆசிரியரையோ அழையாது, காணி வழக்கும் கைகலப்பு வழக்கும் பேசித் திரியும் எம்மை ஏன் அழைத்தீர்கள் என்று நிலையத் தலைவரைக் கேட்டோம். "நீங்கள்தானே கடைசியிற் பார்க்கிறவர்கள்" என்று அவர் விடை பகர்ந்தார். உண்மைதான். தொட்டிலருகே சொல்லப்பட்ட புத்திமதி இருபது ஆண்டு கழித்து எந்த உருவில் வந்து நிற்கிறது என்பதை எம் தொழிலிலுள்ளோர் காண்பதுபோல வேறெவரும் காண்பது அரிது. அது உறுதியாக வருகிறது; ஈடாக வருகிறது; விவாகரத்து வழக்காக வருகிறது; சில வேளைகளில் நீதவான் மன்றத்திலே வாய் திறவாது தலைகுனிந்து நிற்கும் பதினான்கு வயதுச் சிறுமியாக வருகிறது. ஆதலால் அழைப்பை ஏற்று வந்தோம்.

பிள்ளை பிறந்தால் தந்தை ஊராருக்குக் கற்கண்டு கொடுக்கிறான். பிறந்தது பெண்ணாயின், ஊரார் அவனுக்குப் புத்திமதி கொடுக்கின்றனர். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலே தொடங்கும் இந்தத் தானம், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்குள் நிறைவெய்திவிடுகிறது. "இனி நீ வயிற்றில் நெருப்பைக் கட்டினவன் தம்பி" என்கிறார் ஒருவர். "ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி, உனக்கு இது ஒன்றோடு போகட்டும்" என்கிறார் இன்னொருவர். சேலையில் முள் பட்டாலும் முள்ளிற் சேலை பட்டாலும் சேதம் சேலைக்கே என்ற பழமொழியை மூத்த மாமி ஒருத்தி எடுத்து விடுகிறாள். இன்றைக்கே சீட்டுப் பிடி. காணியை எழுதி வை. எட்டு வயதுக்குமேல் அயல்வீட்டுக்கு விடாதே. வயது வந்தபின் நீயே அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளாதே, கண்டிப்புக் குறைந்துவிடும். சைக்கிள் வாங்கிக் கொடாதே. கைத்தொலைபேசி கொடுத்தால் நாளும் எடுத்துப் பார். தூர இடத்துப் பல்கலைக்கழகம் கிடைத்தால் யோசி. மூன்று கிலோ நிறைகூட வராத குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருக்க, அதன் இருபது ஆண்டுக் குற்றப்பத்திரிகை இவ்வாறு தயாராகிவிடுகிறது.

இப்புத்திமதிகள் அனைத்தையும் ஒருமுறை சாட்சிக் கூட்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம். இவற்றுள் எதுவேனும் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று கேட்டதா? இல்லை. எல்லாம் தந்தைக்கு என்ன நேரும் என்பதைப் பற்றியன. அவன் மானம், அவன் கடன், அவன் தூக்கம். பிள்ளையைக் காப்பதற்கென்று சொல்லப்பட்டவை எல்லாம் தந்தையைக் காப்பதற்கான ஏற்பாடுகளாக இருக்கின்றன. இதனை முதலில் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

ஆயினும், ஒரு கட்சியை மட்டும் பேசிவிட்டு அமர்வது நேர்மையாகாது. எமது மக்களின் அச்சம் வெறுங்கற்பனையிற் பிறந்ததன்று. 1996ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய பாடசாலை மாணவி ஒருத்தி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் அவளோடு கொலையுண்டனர். 1998ஆம் ஆண்டிலே கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளிகளான இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதித்தது. 2015ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி, புங்குடுதீவிலே பள்ளி சென்ற மாணவி ஒருத்தி வீடு திரும்பவில்லை. மறுநாள் அவளது உடலையே கண்டனர். 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் அமர்ந்த மூவர் கொண்ட மன்று எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. இப்பிள்ளைகளின் பெயர்கள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனினும் யாம் சொல்லோம். இத்தகைய குற்றத்துக்கு ஆளானவர் இன்னாரென வெளிப்படுத்தலாகாது என்று 1995ஆம் ஆண்டிலே தண்டனைச் சட்டக்கோவையிற் சேர்க்கப்பட்ட விதி இருக்கிறது. அதனை எம் நாட்டிலே எவரும் கைக்கொள்வதில்லை என்பது வேறு கதை.

இவ்விரு கொடுமைகளுக்கும் பின்னர் வீடுதோறும் ஒரே முடிவுதான் எடுக்கப்பட்டது: பெண்பிள்ளையை வெளியில் விடாதே. பரீட்சை எழுதப் போனது பிள்ளையின் பிழையா? பள்ளிக்குப் போனது பிழையா? சோதனைச் சாவடியிலே துவக்கோடு நின்றவன் செய்த குற்றத்துக்குத் தண்டனை சைக்கிளுக்கு விதிக்கப்பட்டது! புங்குடுதீவு விடயத்திலே இன்னுமொன்றை நினைவிற் கொள்ளுங்கள். பிள்ளையைக் காணவில்லையென்று பொலீஸ் நிலையத்துக்கு ஓடியவர்களிடம், யாருடனாவது ஓடிப்போயிருப்பாள் என்று சொல்லப்பட்டதாக அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. இப்படிச் சொல்லும் மனப்பான்மை எங்கிருந்து வருகிறது? பெண்பிள்ளை காணாமற்போனால் முதலிற் சந்தேகிக்கப்பட வேண்டியவள் அவளே என்று தொட்டிலருகே சொல்லிக்கொடுத்த அதே பாடசாலையிலிருந்துதான் வருகிறது. தேட வேண்டிய நேரத்தில் ஊரும் அதிகாரமும் பிள்ளையின் நடத்தையை விசாரித்துக்கொண்டு நிற்கின்றன.

போர்க்காலத்தை எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டு தொடங்கி 2009ஆம் ஆண்டு வரை வன்னியிலே கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சியும், இராணுவத்துக்கு அஞ்சியும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் கழுத்திலே பெற்றோர் தாலியை ஏற்றினர். மணமானால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினர். அவர்களைப் பழிக்கும் தகுதி எமக்கில்லை. அன்று அந்த இடத்தில் நின்ற தந்தைக்குத் தெரிந்த வழி அதுவாக இருந்தது. ஆனால் சட்டம் என்ன சொல்லுகிறது? 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி பெண்ணுக்கு 12 வயது போதுமாயிருந்தது. அந்த நிலை 1995ஆம் ஆண்டில் மாறியது. இருபாலாருக்கும் 18 வயது நிரம்பாவிடின், அச்சட்டத்தின் கீழ் விவாகம் செல்லுபடியாகாது. பெற்றோர் சம்மதம் இருந்தாலும் ஆகாது. ஆகவே அப்பிள்ளைகள் ஊர் கண்ணுக்கு மனைவியர். சட்டத்தின் கண்ணுக்கு ஒருவருமல்லர். கணவன் என்று நின்றவன் இறந்தான், அல்லது கைவிட்டான், அல்லது காணாமலாக்கப்பட்டான். கையிற் குழந்தையோடு நிற்பவளிடம் விவாகப் பதிவுப் பத்திரம் எங்கே என்று கேட்கிறார்கள். குழந்தையின் பிறப்புப் பதிவிலே தந்தையின் பெயர் எழுதுவதற்கே தொல்லை. அன்று அச்சம் ஓர் ஆபத்தைத் தடுத்திருக்கலாம். ஆனால் அதற்குக் கொடுத்த விலையைச் செலுத்தியவர் தந்தை அல்லர், மகளே. போர் முடிந்த பின்னரும் அந்தப் பழக்கம் சில ஊர்களில் முடியவில்லை. காதலித்துவிட்டாள் என்று அஞ்சி, பாடசாலையால் மறித்து, ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டுப் பின்னர் எம்மிடம் வருகின்றனர்.

இனி நாம் சொல்ல வந்த முதன்மையான விடயத்துக்கு வருவோம். ஊரார் அஞ்சச் சொல்வது அந்நியனை: தெருவிலே நிற்பவனை, பஸ்ஸிலே உரசுபவனை, வேற்றூரானை. ஆனால் எம் நாட்டிலும் பிற நாடுகளிலும் வழக்குமன்றங்கள் திரும்பத் திரும்பக் காண்பது யாது? சிறு பிள்ளைக்குத் தீங்கு செய்தவன் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவனே. அயலவன், உறவினன், பாடம் சொல்லிக்கொடுப்பவன், "மாமா" என்று பிள்ளை கூப்பிடப் பழகியவன். மிகக் கொடிய சில வழக்குகளில் ஒரே கூரையின் கீழ் உறங்குபவன். யாழ்ப்பாணத்தானுக்கு வேலியில் உள்ள பக்தி உலகறிந்தது. ஒரு முழ நிலத்துக்காக வேலி வழக்கை மூன்று தலைமுறை நடத்துவான். அதனால் எம்மைப் போன்றோர் பிழைக்கிறோம். ஆனால் மகள் விடயத்திலே அவன் கட்டும் அறுக்கை வேலி தெருவை மறைக்கிறதேயன்றி, வேலிக்குள் இருப்பவனை மறைப்பதில்லை.

உள்ளே தீங்கு நேர்ந்தால் பிள்ளைக்கு இருக்கும் ஒரே ஆயுதம் வாய். அந்த வாயைத்தான் அச்சம் கட்டிப்போடுகிறது. "அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுபோடுவார்" என்று ஐந்து வயது முதல் கேட்டு வளர்ந்த பிள்ளை, சொல்ல வேண்டிய நாளிலே அப்பாவிடம் சொல்லுமா? அப்பா அவனைக் கொல்வாரா தன்னைக் கொல்வாரா என்பதே அதற்குத் தெரியாது. பள்ளிப் படிப்பு நின்றுவிடும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஆகவே பேசாதிருக்கிறது. ஒரு நாள், ஒரு மாதம், இரண்டு வருடம்.

இந்த மௌனம் வழக்கிலே என்ன செய்கிறது என்பதை விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் அறிந்துகொள்வது நன்று. 1895ஆம் ஆண்டுச் சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 157ஆம் பிரிவு, சம்பவம் நிகழ்ந்த காலத்தையொட்டி ஒரு சாட்சி கூறிய முன்கூற்றை, அவருடைய சாட்சியத்தை உறுதிப்படுத்துவதற்கு எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. பிள்ளை அன்றைக்கே தாயிடமோ தந்தையிடமோ சொல்லியிருந்தால், அச்சொல் வழக்குக்கு ஒரு தூண். நாட்கள் கழிந்து சொன்னால், எதிரியின் வழக்கறிஞர் எழுந்து முதலிற் கேட்பது, "ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை?" என்ற கேள்விதான். நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கிறது. தாமதம் ஒன்றினாலேயே வழக்கு விழுவதில்லை. ஆனால் சட்ட வைத்திய அதிகாரி கண்டிருக்கக்கூடிய அடையாளங்களை நீதிமன்றத்தாலும் மீட்டுத் தர முடியாது. கருத்தரிப்பைத் தடுக்கவும் தொற்றுநோயைத் தடுக்கவும் கொடுக்கப்படும் மருந்துகள் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கப்பட வேண்டியவை. அந்த 72 மணித்தியாலமும் பிள்ளை அறைக்குள்ளே கிடந்து அப்பாவின் சைக்கிள் மணிக்கு நடுங்கிக்கொண்டிருந்தால், தந்தையின் கண்டிப்பு எவனுக்கு உதவியது? குற்றம் செய்தவனுக்கு உதவியது.

இக்காலத்துக் கைத்தொலைபேசி விவகாரமும் இதே வழியிற் போவதுதான். ஒருவன் பிள்ளையோடு பழகி ஒரு படத்தைப் பெற்றுக்கொள்கிறான், அல்லது பொய்யாக ஒன்றை ஆக்கிக்கொள்கிறான். பின்னர், "உன் அப்பாவுக்கு அனுப்புவேன்" என்கிறான். பணம் கேட்கிறான், அல்லது பணத்திலும் கொடியதைக் கேட்கிறான். அவனுடைய முதலீடு யாது என்று எண்ணிப் பாருங்கள். படம் அன்று. அப்பாவின் கோபமே அவன் முதல். அந்தக் கோபத்தை நம்பியே அவன் கடை விரிக்கிறான். "அனுப்பு, அப்பா பார்த்துக்கொள்வார்" என்று பிள்ளை சொல்லக்கூடிய வீட்டிலே அவன் வியாபாரம் அன்றே படுத்துவிடும். அச்சுறுத்திப் பொருள் பறிப்பது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலேயே கப்பம் பெறுதல் என்னுங் குற்றமாகும். புதிய சட்டம் எதையும் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் முறைப்பாடு செய்ய ஒருவர் வேண்டும். கைத்தொலைபேசியைப் பறித்து அலுமாரியிற் பூட்டிய தந்தை தன் கடமை முடிந்ததென்று எண்ணுகிறார். மகளோ, இனி ஏதும் நேர்ந்தாலும் சொல்லக்கூடாது என்ற பாடத்தைப் படித்துக்கொள்கிறாள்.

"அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா? அவிழ்த்து விட்டுவிடவா?" என்று பின்வரிசையிலே ஒரு பெரியவர் முணுமுணுப்பது எமக்குக் கேட்கிறது. ஐயா, மாரிக்கு அஞ்சிப் பயிர் செய்யாதிருப்பவன் கமக்காரன் அல்லன். வரம்பைக் கட்டி வாய்க்காலைத் திறந்துவிட்டுப் பயிர் செய்பவனே கமக்காரன். ஆறு வயதுப் பிள்ளை யாருடன் போகிறது, யார் வீட்டில் நிற்கிறது, எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதை அறிந்திருப்பது தந்தையின் கடன். அதனை மகன் விடயத்திலும் செய்ய வேண்டும். தீங்குக்கு உள்ளாகும் ஆண்பிள்ளைகளும் உளர். பிள்ளைக்கு விளங்கும்படி காரணம் சொல்லிச் செய்வது ஒன்று. பிள்ளையையே ஐயுற்று, அதன் உடலையே அதற்கு வெட்கமாக்கிச் செய்வது வேறு.

சாமத்தியவீட்டுக்குப் பின் மகளோடு தந்தை பேச்சைக் குறைக்க வேண்டும் என்ற புத்திமதியைப் போலத் தீங்கானது பிறிதொன்றில்லை. முந்நூறு பேருக்குச் சோறு போட்டு, ஒளிப்படம் எடுத்து, ஊருக்கெல்லாம் பறைசாற்றிவிட்டு, மறுநாள் முதல் பெற்ற தகப்பன் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்று, "அம்மாவிடம் சொல்லச் சொல்" என்று தூது அனுப்புகிறான். பிள்ளையின் வாழ்விலே துணிவு அதிகம் வேண்டிய காலம் அது. அக்காலத்திலே வீட்டின் ஒரு கதவு சாத்தப்படுகிறது. அதுவரை குளிக்க வார்த்தவன், தோளிலே சுமந்தவன், நல்லூர்த் தேருக்குக் கைபிடித்துக் கூட்டிச் சென்றவன், திடீரென்று காவற்காரனாக மாறிவிடுகிறான்.

இனிக் காணி விடயத்துக்கு வருவோம். இங்கு வந்திருப்போரிற் பாதிப்பேர் இதற்காகவே வந்திருக்கிறீர்கள் என்பதும் எமக்குத் தெரியும்!

சில காலத்துக்கு முன் ஓர் இளங் கமக்காரன் எம் அலுவலகத்துக்கு வந்தார். கையிலே காணியுறுதி, மகளுக்கு ஆறு மாதம். இருந்ததெல்லாம் ஐந்து பரப்புச் செம்மண் தோட்டம், ஏக்கரில் மூன்றிலொன்றும் இல்லை. அதனை இப்போதே மகள் பெயருக்கு நன்கொடையாக எழுதிவிட வேண்டும் என்றார். "பொம்பிளைப் பிள்ளை எல்லோ ஐயா, பிறகு ஒன்றும் இல்லாமற் போனால்?" என்பது அவர் சொன்ன காரணம். மாமனார் புத்திமதியாம். நாம் கேட்டோம்: பிள்ளைக்காக ஒருவர் ஏற்றுக் கையொப்பமிட்டு நன்கொடை நிறைவேறிவிட்டால், நினைத்தபடி திருப்பி எடுக்க முடியாதென்பது தெரியுமா? காணி பராயமடையாத பிள்ளையின் ஆதனமாகிவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியின்றி அதனை விற்கவோ ஈடுவைக்கவோ இயலாதென்பது தெரியுமா? அடுத்த போகம் வெங்காயத்துக்கு வங்கிக் கடன் எடுப்பது எதை வைத்து? சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதினாலும், சீவிய உரித்தை நம்பி வங்கி எவ்வளவு கொடுக்கும்? பிள்ளைக்குப் பால்மாவுக்கும் பின்னர் படிப்புக்கும் பணம் வர வேண்டிய தோட்டத்தை, பிள்ளையின் பெயராலேயே பூட்டிவிடப் பார்த்தார் அவர். அன்று உறுதி எழுதாமலே அனுப்பிவிட்டோம். நொத்தாரிசு தொழிலுக்கு இது நட்டந்தான்.

சீதனம் என்பது தொடக்கத்திலே அச்சத்துக்குக் கொடுத்த விலையன்று. ஒல்லாந்தர் காலத்திலே, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எம் மக்களின் வழமைகளைத் திரட்டி எழுதி 1707ஆம் ஆண்டு சமர்ப்பித்தார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டுச் சரியெனக் கண்டனர். 1806ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். அந்தத் தேசவழமையின்படி முதுசொம் ஆண்மக்கள் வழியிலும், சீதனம் தாயிடமிருந்து பெண்மக்கள் வழியிலும் செல்வதே பண்டைய முறை. காலப்போக்கில் அவ்வேறுபாடு தளர்ந்து, பெற்றார் இருவர் ஆதனத்திலுமிருந்து சீதனங் கொடுக்கும் வழக்கம் வந்ததென்று அந்நூலே குறிக்கிறது. பெண்ணுக்குத் தன் பெயரிலே ஆதனம் இருந்தது. அவள் பங்கு அது. அதனைப் பெற்றவள் பெற்றாரின் எஞ்சிய முதுசொத்திலே மீண்டும் பங்கு கேட்க இயலாதென்பதும் அவ்வழமையே. ஆகவே அஞ்சி அவசரப்பட்டுச் சிறிதைக் கொடுத்து மகளைத் தள்ளிவிடும் தந்தை, பின்னர் தாம் தேடிப் பெருக்கும் செல்வத்திலிருந்தும் அவளை விலக்கிவிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். இந்தப் பங்கின் மேலே, மாப்பிள்ளை வீட்டாருக்கென்று காசாகக் கொடுக்கும் "டொனேசன்" என்ற புதுச் சரக்கை ஏற்றி வைத்தவர்கள் நாமேயன்றி ஒல்லாந்தர் அல்லர். படித்த உத்தியோகத்தர் வீட்டிலேதான் அதன் விலை அதிகம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. முன்வரிசையில் இருப்போர் மன்னிக்க.

இன்னுமொன்று. மகளின் பாதுகாப்புக்கென்று வயிற்றைக் கட்டி வாயைக் கட்டித் தந்தை கொடுத்த காணியை, மகள் தானாக ஆள முடிந்ததா? 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்த அசைவற்ற ஆதனத்தை மரணசாசனத்தாலன்றிக் கைமாற்றுவதாயின், கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென விதித்தது. பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண்களுக்கு 1923ஆம் ஆண்டிலேயே இத்தளை நீங்கிவிட்டது. எம் பெண்களுக்கோ அவ்விதி நூறாண்டு கடந்தும் நின்றது. 2009ஆம் ஆண்டுக்குப் பின் அதன் கொடுமையைக் கண்ணாரக் கண்டோம். கணவன் காணாமலாக்கப்பட்டவன். இறந்தானென்று சொல்ல மனம் ஒப்பவில்லை, சொல்வதற்குச் சான்றும் இல்லை. பிள்ளைகளைப் படிப்பிக்கச் சீதனக் காணியில் இரண்டு பரப்பை விற்கலாமென்றால் கையொப்பமிடக் கணவன் எங்கே? கணவன் இருக்குமிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்தின் உத்தரவைப் பெறலாமென்று அச்சட்டமே வழி காட்டுகிறதுதான். ஆனால் வழக்குச் செலவுக்குக் காசு இருந்தால் அவள் ஏன் காணியை விற்கப் போகிறாள்? காணாமற்போனோருக்கு, காணாமை பற்றிய சான்றிதழ் வழங்கும் சட்டத் திருத்தம் 2016ஆம் ஆண்டில்தான் வந்தது.

அந்தப் பெண்களிலே தலைநிமிர்ந்து எழுந்தவர் எவர்? ஆசிரியத் தொழிலோ தாதித் தொழிலோ தையலோ கைவசம் இருந்தவர். கச்சேரிக்குத் தனியே சென்று விண்ணப்பம் எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர். எரிபொருள் தடை இருந்த காலத்திலே குடாநாடு முழுவதும் சைக்கிளில் நகர்ந்தபோது, அஞ்சாமல் ஏறி மிதித்த பெண்கள் தத்தம் வீட்டைச் சுமந்தனர். வேலிக்குள்ளேயே வளர்க்கப்பட்டவளுக்கு ஐம்பது பரப்புக் காணி இருந்தும் யாரிடம் போய் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. இதனை எம் மேசையின் இப்பக்கத்திலிருந்து கண்டிருக்கிறோம்.

உடுவிலிலே 1824ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனார் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோதும் இதே அச்சம் எழுந்தது. எழுதப் படித்தால் பெண் கெட்டுவிடுவாள் என்றனர். அப்படிச் சொன்னவர்களின் கொள்ளுப்பேத்திகள் இன்று வைத்தியராகவும் நீதிபதியாகவும் இருக்கின்றனர். 1931ஆம் ஆண்டு முதல் எம் பெண்கள் வாக்களிக்கின்றனர். மேடையிலே உரிமை கேட்கும் கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்து முன்வரிசையில் இருத்துகிறோம். அவர்கள் கூட்டம் முடிந்து எட்டு மணிக்குத் தனியே வீடு போனால் மட்டும் ஏன் ஊர் விழித்துப் பார்க்கிறது?

இளந்தந்தையரே, நீங்கள் செய்யத்தக்கது பெரிய வித்தையன்று. குழந்தையைத் தூக்குங்கள், குளிக்க வாருங்கள், சோறு தீத்துங்கள். அது தாயின் வேலையென்று விட்டுவிட்டால், பதின்மூன்று வயதிலே பிள்ளை உங்களிடம் எதுவும் சொல்லப் போவதில்லை. பேசத் தொடங்கும்போதே உடல் உறுப்புகளின் பெயரை வெட்கமின்றிச் சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரியாத உறுப்புக்கு நேர்ந்த தீங்கைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? உறவினர் எவரேனும் கொஞ்ச வரும்போது பிள்ளை விலகினால், "மாமாவிடம் போ" என்று தள்ளாதீர்கள். மாமா கோபிப்பார், கோபிக்கட்டும். "என்ன நடந்தாலும் என்னிடம் சொல்லு, நான் ஏச மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, சின்னக் கண்ணாடிக் குவளை உடைந்த நாளிலே அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பிள்ளை உங்களைப் பரீட்சிப்பது அதில்தான்.

ஏதேனும் நேர்ந்துவிட்டால், ஊர்ப்பெரியவர்கள் கூடிப் "பிள்ளையின் எதிர்காலத்துக்காக" சமாதானம் பேச வருவார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். 1929 என்பது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம். பொலீஸ் நிலையங்களிலே சிறுவர், பெண்கள் பணியகம் உண்டு. பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து அதனைச் சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. மன்றிலே எல்லோர் முன்னும் முழுவதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று எவரேனும் உங்களைப் பயமுறுத்தினால் இதனை எடுத்துக் கூறுங்கள். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் "சம்மதம்" என்ற பேச்சையும் ஏற்காதீர்கள். முன்னர் 12 ஆக இருந்த அவ்வயதெல்லை 1995ஆம் ஆண்டில் 16 ஆக உயர்த்தப்பட்டது.

நேரம் ஏழரை ஆகிவிட்டது. காணியுறுதி கொண்டுவந்தோர் வாசிகசாலை மேசையருகே வரலாம். இலவசமாகவே பார்த்துச் சொல்வோம். பிள்ளை விடயமாகத் தனியே பேச வேண்டியவர்கள் முதலில் வாருங்கள், உறுதிகள் காத்திருக்கும்.